கீபோர்டுல வாசிக்கிற கிட்டார் ஸ்ட்ரம் கிட்டார் மாதிரி கேக்கலையா? அறிகுறிய வச்சு சரி பண்ற வழி

வெர்ச்சுவல் கிட்டார் (சாஃப்ட்வேர்ல இருக்கிற கிட்டார்) வச்சு ஸ்ட்ரம்மிங் (ஸ்ட்ரிங்குகள ஒரே வீச்சுல வருடி அடிக்கிறது) பண்றவங்களுக்கு வர்ற பிரச்சனை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். சாம்பிள் (நிஜ கிட்டார்ல பதிவு பண்ணின சத்தம்) அருமையா இருக்கும், தனியா ஒரு நோட்டு அமுக்குனா அப்படியே கிட்டார்தான், ஆனா நாலு கார்ட் போட்டு பாட்டுக்குப் பின்னாடி ஓட விட்டா ரெண்டாவது பார்லயே (தாளத்தோட ஒரு சுத்துதான் பார்) தெரிஞ்சுடும் இது கீபோர்டுன்னு. உடனே வேற லைப்ரரி (சாம்பிள் தொகுப்பு) வாங்க ஓடாதீங்க. பெரும்பாலும் கோளாறு சாம்பிள்ல இருக்காது, நாம அனுப்புற மிடிலதான் (எந்த நோட்டு, எப்ப, எவ்வளவு அழுத்தம்னு சொல்ற தகவல்) இருக்கும். கிட்டார் வாசிக்கிறவரோட வலது கை பண்ண முடியாத ஒண்ண மிடி பண்ணுச்சுன்னா காது அத கண்டுபிடிச்சுடும், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கிறத படிங்க.

முதல்ல உங்க கையில இருக்கிற இன்ஸ்ட்ருமென்ட் எந்த வகைன்னு பாத்துக்கோங்க, ஏன்னா தீர்வு அதுக்கேத்த மாதிரி மாறும். ஒண்ணு, பேட்டர்ன் வகை. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட செஷன் கிட்டாரிஸ்ட் வரிசை மாதிரி, நீங்க கார்ட மட்டும் பிடிச்சா போதும், ஸ்ட்ரம்ம அதுவே வாசிக்கும். ரெண்டு, ஒவ்வொரு அடியையும் நீங்களே கொடுக்கிற வகை. மியூசிக்லேப் ரியல்கிட்டார் மாதிரி, கார்ட் ஒரு கையில, டவுன் (கீழ இறங்குற அடி) அப் (மேல ஏறுற அடி) ரெண்டும் இன்னொரு கையில. மூணு, வெறும் நோட்டு சாம்பிள் வகை, அதுல ஸ்ட்ரம்ம முழுக்க நீங்கதான் மிடில செதுக்கணும். மூணாவது வகைலதான் வேலை ஜாஸ்தி, அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். மத்த ரெண்டு வகை வச்சிருக்கிறவங்களுக்கும் இதுல பாதி தேவைப்படும்.

அறிகுறி: கார்ட் மொத்தமா ஒரே நேரத்துல டொம்முன்னு விழுது

எல்லா நோட்டும் கிரிட்ல (எடிட்டர்ல பீட்டக் காட்டுற கோடுகள்) ஒரே கோட்டுல உக்காந்திருக்கு, அதான் காரணம். பிக் (ஸ்ட்ரிங்க அடிக்கிற சின்னத் தகடு) ஒரு ஸ்ட்ரிங்க தாண்டித்தான் அடுத்த ஸ்ட்ரிங்குக்குப் போக முடியும், அந்த இடைவெளிய நீங்க கொடுக்கணும். டவுன் ஸ்ட்ரோக்குக்கு தடிச்ச ஸ்ட்ரிங்ல இருந்து மெலிசான ஸ்ட்ரிங்குக்கு, அப் ஸ்ட்ரோக்குக்கு அப்படியே தலைகீழ். சாதாரண வேகத்துல டவுனுக்கு முதல் நோட்டுக்கும் கடைசி நோட்டுக்கும் நடுவுல 25ல இருந்து 40 மில்லிசெகண்ட், அப்புக்கு 15ல இருந்து 25. பாட்டு ஆரம்பத்துல ஒரு கார்ட நிதானமா வருடி விடுற இடத்துல 80, 100 கூட போகலாம். 120 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 120 பீட்), ஒரு பீட்டுக்கு 480 டிக் (மிடி நேரத்தோட சின்ன அலகு) இருக்கிற செட்டிங்ல, ஒரு டிக்குங்கிறது சுமாரா ஒரு மில்லிசெகண்ட், அதனால கணக்கு போடுறது சுலபம்.

எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேரோட பியானோ ரோல்ல (நோட்ட வரையிற திரை) இதுக்குன்னே ஸ்ட்ரம் டூல் இருக்கு, ஆல்ட் எஸ் அடிச்சா வரும். ஏபிள்டன் லைவ் 12ல மிடி டிரான்ஸ்ஃபார்ம்ல ஸ்ட்ரம் இருக்கு. மத்ததுல கையால நகத்துங்க, ஒரு பாருக்கு ஒழுங்கா பண்ணிட்டா அதையே எடுத்து மாத்தி மாத்தி போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஆறு நோட்டுக்கும் நடுவுல துல்லியமா 6, 6, 6ன்னு ஒரே இடைவெளி வச்சா அதுவும் மெஷின் மாதிரிதான் கேக்கும். கீழ் ஸ்ட்ரிங்ல (சுருதி கீழ இருக்கிற தடிச்சது) கொஞ்சம் நிதானம், மேல (மெலிசான ஸ்ட்ரிங் பக்கம்) போகப்போக வேகம், 9, 7, 6, 5, 4ன்னு வச்சுப் பாருங்க, கை இறங்குற வேகம் அப்படியே வரும்.

வேகமான பாட்டுல ஸ்ட்ரம் குழம்புதுன்னா இதே இடத்துலதான் பாக்கணும். 140 பிபிஎம்ல ஒரு பதினாறாம் நோட்டு 107 மில்லிசெகண்ட்தான், மெதுவான பாட்டுல வச்ச 80 மில்லிசெகண்ட் ஸ்ட்ரம்ம அப்படியே இங்க கொண்டு வந்தா ஒரு அடி முடிஞ்ச கையோட அடுத்தது வந்து நெருக்கும். வேகம் கூடக் கூட ஸ்ட்ரம் நேரத்த சுருக்கணும்.

அறிகுறி: பிரிச்சும் போட்டாச்சு, ஆனா இன்னும் பியானோ வாடை அடிக்குது

கார்ட நீங்க பியானோ விரல்ல பிடிச்சிருக்கீங்க. சி, ஈ, ஜின்னு பக்கத்துப் பக்கத்துல மூணு நோட்டு, கீழ இடது கையில ஒரு ஆக்டேவ். கிட்டார்ல ஓப்பன் கார்ட் அப்படி உக்காராது, நோட்டெல்லாம் விரிஞ்சு கிடக்கும், ரூட்டும் (கார்டுக்குப் பேர் கொடுக்கிற நோட்டு) ஃபிஃப்த்தும் (ஸ்கேல்ல அதுல இருந்து அஞ்சாவது) ரெண்டு மூணு தடவ திரும்ப வரும், தேர்ட் (மூணாவது) பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான். நடு சிய சி4னு வச்சுக்கிட்டா ஓப்பன் ஸ்ட்ரிங் ஆறும் ஈ2, ஏ2, டி3, ஜி3, பி3, ஈ4. அதுல உக்கார்ற கார்ட் இப்படி வரும்:

ஜி மேஜர்: ஜி2, பி2, டி3, ஜி3, பி3, ஜி4
சி மேஜர்: சி3, ஈ3, ஜி3, சி4, ஈ4
டி மேஜர்: டி3, ஏ3, டி4, எஃப் ஷார்ப்4
ஈ மைனர்: ஈ2, பி2, ஈ3, ஜி3, பி3, ஈ4
ஏ மைனர்: ஏ2, ஈ3, ஏ3, சி4, ஈ4
எஃப் மேஜர் பார் கார்ட் (ஒரு விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் குறுக்க அமுக்கிப் பிடிக்கிறது): எஃப்2, சி3, எஃப்3, ஏ3, சி4, எஃப்4

டிக்கு நாலே நோட்டுதான் பாருங்க, சிக்கு அஞ்சு. கார்ட் மாறும்போது சத்தத்தோட கனமும் மாறுது, அதுதான் கிட்டாரோட இயல்பு, எல்லா கார்டுக்கும் ஆறு நோட்டு போட்டு சமமாக்கிடாதீங்க. ஈ2க்கு கீழ நோட்டு போட்டீங்கன்னா சாதாரண டியூனிங் கிட்டார்ல அது இல்லவே இல்ல, சில லைப்ரரி சத்தம் கொடுக்காது, சிலது கொடுத்துடும், கொடுத்தா நம்பாதீங்க.

பாட்டு ஈ ஃபிளாட் மாதிரி ஸ்கேல்ல இருந்தா என்ன பண்றது? கிட்டார் வாசிக்கிறவர் என்ன பண்ணுவாரோ அதேதான், கேப்போ (ஸ்ட்ரிங் எல்லாத்தையும் ஒரு ஃப்ரெட்ல அமுக்கிப் பிடிக்கிற கிளிப்). மூணாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு சி ஷேப் பிடிச்சா ஈ ஃபிளாட், முதல் ஃப்ரெட்ல போட்டு டி ஷேப் பிடிச்சாலும் ஈ ஃபிளாட். மிடிய சி ஸ்கேல்லயே எழுதிட்டு மூணு செமிடோன் ஏத்திடுங்க, வாய்சிங் (நோட்டு அடுக்கியிருக்கிற விதம்) கெடாம வரும். பாடுறவங்களுக்காக கடைசி நேரத்துல ஸ்கேல் மாத்தச் சொன்னாலும் இந்த வழில வேலை மிச்சம்.

அறிகுறி: ஸ்ட்ரம் எப்பவும் பீட்டுக்குப் பின்னாடி இழுக்குது

டவுன் ஸ்ட்ரோக்க பிரிக்கும்போது முதல் நோட்ட கிரிட்ல வச்சுட்டு மத்ததெல்லாம் பின்னாடி தள்ளியிருப்பீங்க. காதுல பீட்டா பதியிறது மேல இருக்கிற ஸ்ட்ரிங்கோட பளிச்னு வர்ற சத்தம், அது 30 மில்லிசெகண்ட் தாமதமா வருது, கிக் டிரம் மட்டும் சரியா கிரிட்ல நிக்குது, அதான் இழுக்குற மாதிரி இருக்கு. டவுன் ஸ்ட்ரோக்க 10ல இருந்து 15 மில்லிசெகண்ட் முன்னாடி ஆரம்பிங்க, பீட் ஸ்ட்ரம்மோட நடுவுல விழட்டும். அப் ஸ்ட்ரோக்க நகத்த வேணாம், அதுல மேல் ஸ்ட்ரிங்தான் முதல்ல வருது. பாட்டு முதல் பார்லயே ஸ்ட்ரம்மோட ஆரம்பிச்சா முன்னாடி ஒரு பார் காலியா விட்டுடுங்க, இல்லன்னா முன்னாடி தள்ளின நோட்டு பிளேபேக்ல விழாமயே போயிடும்.

அறிகுறி: டக டக டகன்னு துப்பாக்கி மாதிரி ஒரே சீரா ஓடுது

இதுதான் பெரிய பிரச்சனை. இதுக்கு நிறைய பேர் வெலாசிட்டில (நோட்ட அடிக்கிற அழுத்தம், 127 வரைக்கும்) ரேண்டம் போட்டு விட்டுட்டு போயிடுவாங்க, அது சரியாகாது, சொல்லப்போனா இன்னும் மோசமாகும், ஏன்னா கை ரேண்டமா அசையிறதில்ல.

ஸ்ட்ரம் பண்ற கை ஊஞ்சல் மாதிரி, நிக்கவே நிக்காது. எட்டாம் நோட்டு பாட்டுன்னா ஒவ்வொரு பீட்டுக்கும் கை கீழ இறங்கும், ரெண்டு பீட்டுக்கு நடுவுல மேல ஏறும், ஸ்ட்ரிங்க தொட்டாலும் தொடலன்னாலும் இந்த அசைவு நடந்துக்கிட்டே இருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச டவுன், டவுன் அப், அப் டவுன் அப் பேட்டர்ன எடுத்துக்கோங்க. ஒண்ணாவது பீட்ல டவுன், அதுக்கு அப்புறம் வர்ற அப் காத்துல போகுது. ரெண்டுல டவுன் அப். மூணாவது பீட்ல கை இறங்குது ஆனா ஸ்ட்ரிங்க தொடல, ஏறும்போது தொடுது. நாலுல டவுன் அப். அதனாலதான் அந்த மூணாவது பீட்டுக்கு அப்புறம் வர்றது அப். அந்த இடத்துல நீங்க டவுன் சாம்பிள் போட்டீங்கன்னா ஏன் தப்பா இருக்குன்னு சொல்லத் தெரியாது, ஆனா தப்பா இருக்கும். உங்க மிடிய முதல்ல இதுக்கு சோதிங்க: பீட்ல விழுறது எல்லாம் டவுனா, நடுவுல விழுறது எல்லாம் அப்பா. பதினாறாம் நோட்டு பாட்டுன்னா கை ரெண்டு மடங்கு வேகத்துல ஆடும், அப்ப எட்டாம் நோட்டு எல்லாமே டவுன், அதுக்கு நடுவுல வர்றது அப்.

அப்புறம் அப் ஸ்ட்ரோக்க கவனிங்க. கை மேல ஏறும்போது யாரும் ஆறு ஸ்ட்ரிங்கையும் அடிக்கிறதில்ல, மெலிசா இருக்கிற மூணு, மிஞ்சிப்போனா நாலு. ஆறு நோட்டும் இருக்கிற கார்ட அப்புக்கும் அப்படியே காப்பி பண்ணி வச்சிருந்தா கீழ இருக்கிற நோட்ட எல்லாம் அழிச்சுடுங்க, இந்த ஒரு வேலைக்கே பாதி மெஷின் தன்மை போயிடும். டவுன்லயும் எல்லா தடவையும் முழு கார்ட் வேணாம். ஒண்ணாவது பீட்ல முழுசா, மத்த டவுன்ல சில சமயம் கீழ் ரெண்டு மூணு ஸ்ட்ரிங் மட்டும், சில சமயம் நடு நாலு ஸ்ட்ரிங்.

வெலாசிட்டிக்கு நான் ஆரம்பிக்கிற கணக்கு: அழுத்தமான டவுன் 100ல இருந்து 110, சாதாரண டவுன் 85 பக்கம், அப் 60ல இருந்து 75. ஒரு ஸ்ட்ரோக்குக்குள்ளயும் வித்தியாசம் வேணும், டவுன்ல முதல்ல அடிபடுற தடிச்ச ஸ்ட்ரிங் கொஞ்சம் கனமா, அப்ல மேல் ஈ ஸ்ட்ரிங் கனமா, கடைசியா தொடுற ஸ்ட்ரிங் லேசா. இதெல்லாம் முடிச்சதுக்கு அப்புறம் வேணும்னா அஞ்சாறு அளவுக்கு ரேண்டம் சேருங்க, அந்த வரிசைல பண்ணா அது உதவும். லைப்ரரில ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டுக்கு வேற வேற சாம்பிள மாத்தி மாத்தி ஒலிக்கிற வசதி) ஆஃப் ஆயிருக்கான்னும் ஒரு தடவ பாத்துடுங்க, ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தா மிடி எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது நாலாவது பீட்ல ஸ்ட்ரிங்க அமுக்கி சக்குன்னு அடிக்கிறது பழக்கமான ஒண்ணு, அதுக்கு மியூட் சாம்பிள் கீஸ்விட்ச்ல (வாசிக்கிற விதத்த மாத்துற தனி கீ) இருக்கும். அது இல்லாத லைப்ரரின்னா நோட்டு நீளத்த ரொம்ப சின்னதா வெட்டி வெலாசிட்டிய ஏத்தி வைங்க, முழுசா அப்படியே வராது, மிக்ஸ்ல கலந்தா போதுமான அளவு வரும்.

டவுன் அப் ரெண்டையும் கீல அடிக்கிற வகைன்னா மவுஸால வரைய வேணாம், வாசிங்க. இடது கை கார்ட பிடிக்கட்டும், வலது கையில ஆள்காட்டி விரல் டவுன் கீ, நடுவிரல் அப் கீ. ரெண்டு விரலும் மாறி மாறி ஆடிக்கிட்டே இருக்கணும், சத்தம் வேணாங்கிற இடத்துல கீய அமுக்காம மேலாப்புல தொட்டுட்டுப் போங்க. முதல் நாள் கைக்கு வராது, வந்துடுச்சுன்னா எடிட்டிங் பாதியா குறையும். ரெக்கார்ட் பண்ணினத நூறு சதவீதம் குவாண்டைஸ் பண்ணி (நோட்ட கிரிட்டுக்கு இழுத்து வைக்கிறது) கொன்னுடாதீங்க, 60, 70 சதவீதம் போதும்.

அறிகுறி: சிக்ஸ் எயிட் பாட்டுல மட்டும் உக்காரவே மாட்டேங்குது

நம்ம சினிமா பாட்டுல சிக்ஸ் எயிட் நிறைய வரும், அதனால இது தனியா வேணும். வேகமான சிக்ஸ் எயிட்ல கை மாறி மாறி ஆடுனா ஒண்ணு டவுன், ரெண்டு அப், மூணு டவுன், நாலு அப், அஞ்சு டவுன், ஆறு அப். அதாவது ரெண்டாவது அழுத்தம் விழுற நாலாவது இடம் அப்ல வருது. அங்க வெலாசிட்டிய டவுனுக்கு சமமா ஏத்துங்க, ஸ்ட்ரிங்கும் நாலு கொடுங்க, சாதாரண அப் மாதிரி லேசா விட்டா தாளம் சரிஞ்சுடும். மெதுவான சிக்ஸ் எயிட்டுன்னா வேற, ஆறு எட்டாம் நோட்டும் டவுன், அழுத்தம் ஒண்ணுலயும் நாலுலயும், நடுவுல பதினாறா வர்ற இடம் மட்டும் அப். எந்த வகைன்னு பாட்டோட வேகம்தான் முடிவு பண்ணும், ரெண்டையும் ஒரே பாட்டுல கலக்காதீங்க.

அறிகுறி: கார்ட் மாறுற இடத்துல சத்தம் கலங்குது, இல்ல பள்ளம் விழுது

கலங்குதுன்னா பழைய கார்டோட நோட்டு புது கார்ட் மேல நீண்டு கிடக்கு. ஒரு ஸ்ட்ரிங்ல ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் ஒலிக்க முடியும், அந்த விதிய லைப்ரரி தானா பாத்துக்கலன்னா நீங்க பாத்துக்கணும், அதே ஸ்ட்ரிங்ல அடுத்த நோட்டு வர்ற இடத்துல முந்தினத முடிச்சுடுங்க. சஸ்டெய்ன் பெடல மிதிச்சுக்கிட்டு வாசிச்சிருந்தா எடிட்டர்ல சிசி 64 லேன (சஸ்டெய்ன் பெடல் பதிவாகுற வரி) பாருங்க, பாதி குழப்பம் அங்கதான் இருக்கும்.

பள்ளம் விழுதுன்னா எல்லா நோட்டையும் ஒரே இடத்துல வெட்டி விட்டிருப்பீங்க. விரல் தூக்கி வைக்கிற நேரத்துல வலது கை நிக்கிறதில்லைல்ல, அதனால கார்ட் மாறுறதுக்கு முன்னாடி வர்ற கடைசி அப் ஸ்ட்ரோக் பெரும்பாலும் ஓப்பன் ஸ்ட்ரிங்லயே விழும். அந்த ஒரு அப்ப மட்டும் ஜி3, பி3, ஈ4னு வெலாசிட்டி 50, 55ல போடுங்க. ஸ்கேல் ஜியோ சியோன்னா அற்புதமா இருக்கும், எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச தந்திரமே இதுதான், கேக்குறவங்களுக்கு என்ன மாறுச்சுன்னு தெரியாது ஆனா ஒரு ஆள் உக்காந்து வாசிக்கிற மாதிரி ஆயிடும். கேப்போ கணக்குல ஏத்தின மிடின்னா இந்த மூணு நோட்டும் கூடவே ஏறிடும். பார் கார்டா ஓடுற பாட்டுல இது பொருந்தாது, அங்க 20, 30 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு, தேவைப்பட்டா ஸ்லைட் சத்தம் எங்கயாவது ஒண்ணு ரெண்டு இடத்துல வைங்க. எல்லா மாற்றத்துக்கும் விரல் தேய்க்கிற சத்தம் வச்சா எரிச்சலா இருக்கும்.

அறிகுறி: கீஸ்விட்ச் வேலை செய்யல, இல்ல சில சமயம் மட்டும் வேலை செய்யுது

மேனுவல்ல சி1னு போட்டிருக்கும், நீங்க சி1 அமுக்குனா ஒண்ணும் ஆகாது. ஆக்டேவ் நம்பர் எல்லா சாஃப்ட்வேர்லயும் ஒண்ணு இல்ல. மிடி நம்பர் 60ங்கிற நடு சிய க்யூபேஸ், ஏபிள்டன், கான்டாக்ட் எல்லாம் சி3னு சொல்லும், ரீப்பர் சி4னு சொல்லும், எஃப்எல் ஸ்டுடியோ சி5னு சொல்லும். ஒண்ணு ரெண்டு ஆக்டேவ் மேலயும் கீழயும் அமுக்கிப் பாருங்க, கிடைச்சுடும். இதே காரணத்தால நான் மேல கொடுத்த கார்ட் நோட்டையும் உங்க சாஃப்ட்வேருக்கு ஏத்த மாதிரி நகத்திக்கணும். 25 கீ கன்ட்ரோலர்ல ரெண்டு ஆக்டேவ்தான் இருக்கு, கீஸ்விட்சும் கார்டும் ஒரே நேரத்துல எட்டாது, அப்ப கீஸ்விட்ச பியானோ ரோல்ல கையால போட்டுடுங்க.

சில சமயம் மட்டும் வேலை செய்யுதுன்னா கீஸ்விட்ச் நோட்டும் கார்ட் நோட்டும் ஒரே டிக்ல இருக்கும், எது முதல்ல போகுதோ அதப் பொறுத்து மாறும். கீஸ்விட்ச 20, 30 டிக் முன்னாடி வைங்க, குவாண்டைஸ் பண்ணும்போது அத செலக்ட் பண்ணாதீங்க. பாட்ட நடுவுல இருந்து ஓட்டுனா தப்பான ஆர்ட்டிகுலேஷன் (வாசிக்கிற விதம்) வருது, முதல்ல இருந்து ஓட்டுனா சரியா வருதுன்னா மிடி சேஸ் (நடுவுல ஓட்டுனாலும் முன்னாடி இருக்கிற மிடி தகவல தேடி அனுப்புற வசதி) ஆஃப்ல இருக்கு, நோட்டுக்கும் சேஸ் ஆன் பண்ணுங்க. அதோட ஒவ்வொரு செக்‌ஷன் ஆரம்பத்துலயும் கீஸ்விட்ச திரும்ப ஒரு தடவ போட்டு வச்சா எக்ஸ்போர்ட்ல பயம் இல்ல.

அறிகுறி: எழுதினா நல்லா இருக்கு, நேரடியா வாசிச்சா கை கூட ஒட்டல

பஃபர் சைஸ (சத்தத்த கம்ப்யூட்டர் எத்தன சாம்பிளா சேத்து அனுப்புதுங்கிற அளவு, கூடுனா தாமதம் கூடும்) பாருங்க. 44,100 ஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள்னா 2.9 மில்லிசெகண்ட், 512னா 11.6, 1024னா 23.2. ஸ்ட்ரம்முக்கே 30 மில்லிசெகண்ட் போகுது, அதுக்கு மேல 23 சேந்தா கை தடுமாறத்தான் செய்யும். ரெக்கார்ட் பண்ணும்போது 128க்கு இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது ஏத்திக்கலாம். மாஸ்டர்ல (எல்லா டிராக்கும் சேர்ற கடைசி சேனல்) தாமதத்த கூட்டுற லுக்அஹெட் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ இருந்தா அத ஆஃப் பண்ணிட்டு வாசிங்க. ப்ளூடூத் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு வாசிக்கிறவங்க அத முதல்ல கழட்டுங்க, வேற எத மாத்தியும் பலன் இருக்காது. இன்ஸ்ட்ருமென்ட் உள்ளயே ஸ்ட்ரம் டைம் இருந்தா வாசிக்கும்போது குறைச்சு வச்சுட்டு பின்னாடி கூட்டிக்கோங்க.

அறிகுறி: பேட்டர்ன் வகைல வேற கார்ட் கேக்குது

சி, ஈ, ஜி, ஏ நாலையும் சேத்து அமுக்குனா அது சி சிக்ஸ்த்தும்தான், ஏ மைனர் செவன்த்தும்தான், சி, டி, ஜின்னா சி சஸ் டூவும்தான், ஜி சஸ் ஃபோரும்தான். இன்ஸ்ட்ருமென்ட் எதையோ ஒண்ணத் தேர்ந்தெடுக்கும். ரூட்ட கீழ வச்சு ரூட் பொசிஷன்லயே பிடிங்க, பேஸ் நோட்டுக்கு தனி ஏரியா இருந்தா அத பயன்படுத்துங்க. கார்ட் மாறின முதல் அடில பழைய கார்ட் ஒட்டிக்கிட்டு வருதுன்னா கார்ட் நோட்டு பேட்டர்ன விட தாமதமா வருது, ஒட்டுமொத்தமா 10, 20 டிக் முன்னாடி தள்ளுங்க.

அறிகுறி: இடது வலது ரெண்டு பக்கமும் போட்டும் அகலமா கேக்கல

ஒரே டிராக்க காப்பி பண்ணி ரெண்டு பக்கம் தள்ளுனா அது மோனோதான், சத்தம் மட்டும் கூடும். ஒண்ண கொஞ்சம் தள்ளி வச்சா, மோனோல கேக்கும்போது ஓட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். ரெண்டாவது டிராக்க தனியா வாசிங்க, முடிஞ்சா வேற ஷேப்ல, ஒரு பக்கம் ஓப்பன் சி ஷேப், இன்னொரு பக்கம் அஞ்சாவது ஃப்ரெட் கேப்போல ஜி ஷேப், ரெண்டும் சி மேஜர்தான் ஆனா நிறம் வேற. திரும்ப வாசிக்க நேரம் இல்லன்னா மிடிய ரெண்டு செமிடோன் ஏத்திட்டு இன்ஸ்ட்ருமென்ட் டியூனிங்க ரெண்டு செமிடோன் இறக்குங்க, ஸ்கேல் மாறாது, ஆனா வேற சாம்பிள் ஒலிக்கும். கூடவே டைமிங்கயும் வெலாசிட்டியையும் கொஞ்சம் மாத்திடுங்க.

இதெல்லாம் பண்ணியும் மிக்ஸ்ல மொத்தையா இருந்தா 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை பாஸ் (அதுக்குக் கீழ இருக்கிற சத்தத்த வெட்டுற ஃபில்டர்) வைங்க, பேஸ் கிட்டாரும் கிக்கும் இருக்கிற பாட்டுல 150, 200 வரைக்கும் கூட போகலாம், தனியா கேக்கும்போது மெலிசா தெரியும், பாட்டோட சேத்து கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.